இடது கீழ் மூலை

என் தங்கை தனலெட்சுமிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்களிலும் கண் அழுத்த நோய், குளுக்கோமா. மருத்துவர் அதைச் சொன்ன நாள் 2023 நவம்பர் 29, புதன்கிழமை. என் நோட்டில் அது 2021 ஆகஸ்ட் 17ஆம் தேதியிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் நான்தான். எழுதினேனே தவிர, இரண்டே கால் ஆண்டுகளாக அதை ஒருமுறைகூட மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கவில்லை.

தனலெட்சுமி பிறந்தது 1958இல். இருபதாவது வயதில் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். 2010இல் ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அவளுக்கு ஒரே வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் கீறல் இருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா, ஈயம் ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்த ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தீர்ப்பு. நல்லதாக இருந்தால் பாஸ். திருத்தினால் தேறும் என்றால் ரீவொர்க். தேறாது என்றால் ரிஜெக்ட். ஏதோ காரணத்தால் பார்க்க முடியாமல் போன தட்டில் மஞ்சள் சீட்டு ஒட்டி ஹோல்ட் என்று எழுதி ஓரமாக வைத்துவிட வேண்டும். பார்க்காத தட்டுக்கு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

1994இல் நடந்த ஒன்றை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் காலை ஷிப்ட்டில் அவள் பார்த்த ஆறு தட்டுகளிலும் எல்லாச் சில்லுகளிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஆறையும் ரிஜெக்ட் போட்டாள். மேற்பார்வையாளர் சித்தி ஆயிஷா வந்து மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார். புள்ளி போய்விட்டது.

"சாமா தெம்பாட், சாமா ரோசாக், லென்ஸ் கோத்தோர்லா தனா" என்றார் அவர் மலாயில். எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஒரே குறைன்னா, அழுக்கு லென்ஸ்லதான்.

ஆறு தட்டுகளையும் தனலெட்சுமியே மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அதற்குமுன் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்ததாகச் சொல்வாள். "நல்ல பொருளைத் தள்ளிட்டேனேன்னுதான் அண்ணே. என்னைத் திட்டுனாங்கன்னு இல்ல."

அவள் கணவர் புவனேஸ்வரன் லாரி ஓட்டியவர். 2012இல் தாசேக் கெலுகோரில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றப் போன இடத்தில், ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து இறந்துபோனார். முதல்நாள் வரை ஒரு தலைவலிகூடச் சொன்னதில்லை. ஒரே மகள் பிரமிளா திருமணமாகி புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். 2016இல் தாயின் பிறந்தநாளுக்கு அவள்தான் ஒரு டேப்லெட்டை வாங்கித் தந்தாள். மறு ஆண்டு பிப்ரவரியில், என் மனைவி இறந்த பிறகு, நான் தனலெட்சுமியின் வீட்டோடு வந்து சேர்ந்தேன். ஜாலான் சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி.

நான் வந்தபோதே அவள் கேம் விளையாடுவதில் தேர்ந்திருந்தாள். காலை பத்து மணிக்குச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். இரண்டே வகைதான் விளையாடுவாள். ஒன்று, பொருள் தேடுவது. பழைய மாளிகை ஒன்றின் அறை படமாக வரும். அறை முழுக்கச் சாமான்கள் இறைந்து கிடக்கும். கீழே பன்னிரண்டு பொருள்களின் பெயர் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தொட வேண்டும். இன்னொன்று, நேரத்தைச் சமாளிப்பது. சாப்பாட்டுக் கடையில் ஆள்கள் வந்து உட்கார உட்கார, கேட்டதைக் கேட்ட வரிசையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

பொருள்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும். அவளுக்குத் தொழிற்சாலை ஆங்கிலம் தெரியும். மாளிகை ஆங்கிலம் தெரியாது. 2017 மார்ச் 6ஆம் தேதி சமையலறைப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, திம்பிள்னா என்னா?"

எனக்கும் தெரியவில்லை. அகராதியில் பார்த்தேன். தையல்காரர் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் குப்பி என்று இருந்தது. "அட, தொப்பி மாதிரி ஒண்ணு கெடந்துச்சு" என்று உடனே தொட்டாள். மறுபடி வந்தால் தேட வேண்டாமே என்று அந்தச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டு அப்படித்தான் தொடங்கியது. பிறகு கட்டங்கள் கூடின. தேதி, கேமின் பெயர், காட்சி, எடுத்துக்கொண்ட நிமிடம், கடைசியாகக் கிடைத்த பொருள். பொருள் தெரியாத சொல்தான் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் என்பதால் "அண்ணே, கடைசி ஒண்ணு!" என்று குரல் வந்தால் நான் அகராதியோடு போவேன். அது எங்கே இருந்தது என்றும் ஒரு கட்டம் போடச் சொன்னாள். நியாயமாக ஒளித்திருக்கிறானா என்று குழுவில் சொல்ல அவளுக்கு அது தேவைப்பட்டது.

குழு என்பது வாட்ஸ்அப் குழு. அவளோடு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்த பதினொரு பெண்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் இந்த விளையாட்டில்தான் பைத்தியம். ஒரு புதிய கேம் வந்தால் தனலெட்சுமி முதலில் விளையாடி முடிப்பாள். பிறகு குரலில் பதிந்து அனுப்புவாள். கடைசிச் சொல் எப்போதும் தீர்ப்பு. பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் இறக்குவார்கள், அல்லது அழிப்பார்கள்.

அவளுடைய கருத்துகள் என்னிடம் தேதியோடு இருக்கின்றன.

கதையைப் பற்றி: "எல்லா கேம்லயும் ஒரு பொண்ணு காணாமப் போயிடுறா. அவளைத் தேடிக்கிட்டுப் போனா, நம்மளை நிறுத்தி வெச்சு கத்திரிக்கோலைத் தேடச் சொல்றான். அவ அப்பன் ஆத்தா பாவம்லா."

அரை மணிக்கு ஒருமுறை சக்தி தீர்ந்துவிட்டது, காத்திரு என்று நிறுத்தும் கேம்களைப் பற்றி: "நான் ஓவர்டைம் செய்ய ரெடி. மெஷின்தான் ரெடி இல்ல. ரிஜெக்ட்."

கடிகாரமே இல்லாமல் நிதானமாக விளையாடும் முறையைப் பற்றி: "அது கடை இல்ல, டிவி."

சாப்பாட்டுக் கடைக் கேம்களில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஐந்து இதயங்கள் இருக்கும். கவனிக்கத் தாமதமானால் ஒவ்வொன்றாகக் குறையும். ஐந்தும் போனால் ஆள் எழுந்து போய்விடுவார். அதைப் பற்றி 2019 ஜூனில் ஒரு மாலை அவள் சொன்னதைக் குழுவுக்கு அனுப்பவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "ஒரு ஆளு போறதுக்கு முன்னாடி அஞ்சு தடவை காட்டுறான் பாருங்க அண்ணே. நம்ம வீட்டு ஆளு ஒண்ணுகூடக் காட்டல."

எல்லாவற்றையும்விட அவளுக்குக் கடும் வெறுப்பு ஹின்ட் என்ற பொத்தான்மேல். அதைத் தொட்டால் தேடும் பொருள் இருக்குமிடம் மின்னும். "அது சூப்பர்வைசரைக் கூப்புடுற மாதிரி" என்பாள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டது நான்கு தடவை. ஹின்ட்டைத் தொட்டது ஒருதடவைகூட இல்லை.

2021 ஆகஸ்ட் 17 அன்று கடைசியாகக் கிடைத்த பொருள் ஒரு குடை. இருந்த இடம்: இடது கீழ் மூலை. மறுநாள் ஒரு மெழுகுவர்த்தி, இடது கீழ் மூலை. அந்த வாரத்தில் ஏழு காட்சிகளில் ஐந்து அப்படி. இந்தச் சொற்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. குடையும் மெழுகுவர்த்தியும் அவளுக்குத் தெரியாதவை அல்ல. அதையும் நான் கவனிக்கவில்லை. கட்டத்தை நிரப்பினேன்.

அக்டோபரில் அவள் குழுவுக்கு அனுப்பியது: "கம்பெனிக்காரனுங்க இப்ப ரொம்பக் கெட்டிக்காரனுங்க ஆயிட்டானுங்க. எல்லாத்தையும் கொண்டுபோய் இடது கீழ் மூலையில ஒளிச்சு வெக்கிறானுங்க. மத்த எடமெல்லாம் என்னா, வாடகைக்கு விட்டுட்டானா? நேர்மை இல்லாத கேம். ரிஜெக்ட்."

யாராவது ஒருவர் "எனக்கு அப்படி வரலையே" என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. தனலெட்சுமி தப்புப் பார்க்கமாட்டாள் என்பது அந்தப் பதினொரு பேருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். "ஆமாக்கா, எனக்கும் இடது பக்கந்தான்" என்று ரொஸ்னா எழுதினாள். "நானும் பாத்தேன், மோசம்லா" என்று இன்னொருத்தி. அன்றே ஒன்பது பேர் கேமை அழித்தார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே காரணத்துக்காக மேலும் பதினாறு கேம்களைத் தள்ளினாள். சாப்பாட்டுக் கடைக் கேம்களிலும் ஒரு குறை சொல்லத் தொடங்கினாள். "அந்த மூலை மேசைக்காரனுக்கு மட்டும் பொறுமையே கெடையாது. இப்பதான் வந்திருப்பான், பாத்தா எந்திரிச்சுப் போறான்." 2022 ஜூனில் கண்ணாடியை மாற்றினோம். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தாள். நேராகப் பார்ப்பதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அதனால் நாங்கள் கண்ணை மறந்துவிட்டோம்.

2023 தீபாவளிக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஃபஸீலா வந்தாள். கெப்பாலா பத்தாஸிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருபவள். தனலெட்சுமிக்கு அடுத்த மைக்ரோஸ்கோப்பில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தவள். வந்ததும் முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏய் தனம், புதுசா ஒண்ணு தள்ளினியே, கடற்கரைப் பங்களா. எங்கே, காட்டு."

"அழிச்சிருப்பேன்னு பாத்தியா? ஆதாரத்துக்கு வெச்சிருக்கேன்." தனலெட்சுமி டேப்லெட்டை எடுத்து அதே காட்சியைத் திறந்தாள். இருவரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்தார்கள். பதினொரு பொருள்களை மாறி மாறித் தொட்டார்கள். மிஞ்சியது ஒரு சிப்பி.

"பாரு, இதைத்தான் சொன்னேன். எங்கே வெச்சிருக்கான்னே தெரியாது" என்றாள் தனலெட்சுமி.

"எங்கே வெச்சிருக்கானா? இந்தா, காலடியில கெடக்குற மாதிரி கெடக்கு!" ஃபஸீலா சிரித்துக்கொண்டே இடது கீழ் மூலையைத் தொட்டாள். "சட்டி மாதிரி இருக்கு அந்தச் சிப்பி. உனக்கு இன்னொரு தடவை ரிட்டையர் லெட்டர் எழுதணும் போலருக்கே."

"நீ வலது பக்கம் உக்காந்திருக்கே, உனக்குத் தெரியும்."

"எடம் மாறிக்கலாமா?"

மாறி உட்கார்ந்தார்கள். அடுத்த காட்சியிலும் அப்படியே நடந்தது. ஃபஸீலா அப்போதும் சிரித்தாள். மூன்றாவது காட்சிக்குப் பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு எல்லா மூலையிலயும் வருது தனம்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, தனலெட்சுமி டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேசையில் இருந்த அவளுடைய தேநீர்க் குவளையைச் சத்தமில்லாமல் இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். தனலெட்சுமி குவளையைத் தேடிக் கையை நீட்டினாள். வெறும் மேசையைத் தடவினாள்.

"என் தேத்தண்ணியைக் குடிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் ஃபஸீலா. "அங்கதான் இருக்கு."

தனலெட்சுமியின் முழங்கை பட்டுக் குவளை கவிழ்ந்தது. துடைக்கத் துணி எடுக்கப் போன என் பின்னாலேயே ஃபஸீலா சமையலறைக்கு வந்தாள். "அண்ணே, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த மாசமே" என்றாள்.

நவம்பர் 29 அன்று பொது மருத்துவமனையின் கண் பிரிவில் அவளை ஓர் இயந்திரத்தின் முன் உட்காரவைத்தார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்றது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் அங்கங்கே சிறு வெளிச்சம் தோன்றும். தோன்றும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மலாய்த் தாதி சுருக்கமாகச் சொல்லித் தந்தார். "மாக்சிக், நம்பாக் லாம்பு, தெக்கான் யா." அம்மா, விளக்குத் தெரிஞ்சா அமுக்குங்க.

ஒரு கண்ணுக்கு ஏழு நிமிடம், மற்றதற்கு எட்டு நிமிடம். வெளியே வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"ஈஸி கேம் அண்ணே. லைட்டே கொஞ்சந்தான் வருது. நடுவுல சும்மா உக்கார வெச்சிடுறான், தூக்கம் வந்துரும் போலருக்கு. நான் ஒண்ணைக்கூட விடல." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பாஸ் போடலாம்."

மருத்துவர் ஹரீஷ் இளவயதுக்காரர். மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். வட்டத்தில் பல இடங்களில் சாம்பல் நிறம். இரண்டிலும் இடது கீழ்ப் பகுதி முழுக் கறுப்பு.

"இந்தக் கறுப்பு என்னா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அந்த எடத்துல லைட் வந்துச்சும்மா. நீங்க அமுக்கல."

"அங்க வரல."

"வந்துச்சும்மா. நெறைய தடவை."

"வரல டாக்டர். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இருட்டாக்கூட இல்ல அங்க. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"இருட்டாத் தெரியாதும்மா" என்றார் அவர். "கண்ணு பாக்காத எடத்தை மூளை சும்மா விடாது. சுத்தி என்னா இருக்கோ அதை வெச்சு நெரப்பிடும். தரை இருந்தா தரை, சுவர் இருந்தா சுவர். அதனாலதான் யாருக்கும் தெரியறது இல்ல."

அவள் தாள்களைக் கையில் எடுத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், தொழிற்சாலையில் சில்லுத் தட்டைப் பிடிப்பதுபோல. நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"லென்ஸ்லதான் அண்ணே அழுக்கு."

மருத்துவருக்கு அது புரியவில்லை. வேறு ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் சொட்டு மருந்து தவறக்கூடாது என்று விளக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் நிறைய மிச்சம் இருந்திருக்கும் என்பதையும் சொன்னார். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் டேப்லெட்டை எடுக்கவில்லை. என் நோட்டைக் கேட்டாள்.

"வாசிங்க. கடைசிப் பொருளும் எடமும் மட்டும்."

2021ஆம் ஆண்டுப் பக்கங்களுக்கு வந்தபோது என் கை நின்றது. ஆகஸ்ட்டைத் தாண்டி அடுத்த ஆண்டிலிருந்து வாசித்துவிடலாம் என்று நினைத்து, பல தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன்.

"மொத்தமாப் போவுது அண்ணே" என்றாள். "சத்தம் கேக்குது. ஒழுங்கா வாசிங்க."

வாசித்தேன். கூஜா, நடு மேசை. பூட்டு, வலது மேல். தோகை, இடது மேல். கரண்டி, வலது கீழ். குடை, இடது கீழ். மெழுகுவர்த்தி, இடது கீழ். மணி, இடது கீழ். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். இரண்டாவது வாரத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்தக் குடைதான் மொத ரிஜெக்ட்."

"நான் பாத்திருக்கணும் தனம்" என்றேன்.

கீழே சாலையில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க எழுதுனீங்க, நான் குறை சொன்னேன்" என்றாள். "ரெண்டு பேரும் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சோம். அதான் வயித்தெரிச்சல்." பிறகு தொழிற்சாலைக் குரல் வந்துவிட்டது. "எத்தனை தள்ளியிருக்கேன், மூலைக் காரணம் சொல்லி?"

"பதினேழு."

"லென்ஸ் அழுக்குன்னா லாட் முழுக்க, எல்லாத் தட்டையும், ரீசெக் பண்ணணும். நல்ல பொருளைத் தள்ளி வெச்சிருப்பேன். பதினேழையும் எறக்குங்க."

பிரமிளா தொலைபேசியில் கெஞ்சினாள். "அம்மா, கண்ணுக்கு ரெஸ்ட் குடும்மா. கேம்தானே, யாரு கேக்கப் போறா?"

"செஞ்சவன் கேக்கமாட்டான், அவனுக்கு என்னைத் தெரியாது. நான் சொன்னேன்னு பதினோரு பேரு அழிச்சாங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் இவள். மருத்துவரிடமே கேட்டோம். விளையாடுவதால் கண் கெடாது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகுவது நல்லதுதான் என்றார்.

அப்படி டிசம்பரில் ரீசெக் தொடங்கியது. டேப்லெட்டை வலது பக்கம் தள்ளி வைத்துக்கொள்வாள். தலையை இடது பக்கம் சாய்த்து, மூலையை நேர்ப்பார்வைக்குக் கொண்டுவந்து, கோடு கோடாகத் தேடுவாள். முன்பு ஆறு நிமிடத்தில் முடிந்த காட்சிக்கு இப்போது இருபது நிமிடம் ஆயிற்று. முதல் கேமுக்கே மூன்று வாரம். முடித்ததும் குழுவுக்குக் குரல் போனது. "2021 அக்டோபர்ல நான் தள்ளின கேம். மறுபடி பாத்தேன். எல்லா மூலையிலயும் சமமாத்தான் வெச்சிருக்கான். தப்பு என்மேல. பாஸ்."

ரொஸ்னா உடனே எழுதினாள். "அக்கா, எனக்கும் இடது பக்கந்தான்னு சொன்னேனே, அது சும்மா சொன்னேன். மன்னிச்சிருங்க." அதை, வீட்டுக்கு வந்திருந்த பிரமிளா வாசித்துக் காட்டியபோது தனலெட்சுமி பதில் அனுப்பச் சொன்னாள். "அப்பவே சொல்லியிருந்தா உனக்கு சீனியர் போஸ்ட் குடுத்திருப்பேன்லா."

2024 பிப்ரவரி 6 அன்று வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அழுத்தம் குறைந்தது. ஆனாலும் பார்வை குறைவது நிற்கவில்லை. ஏப்ரலில் படியிறங்க என் தோளைப் பிடித்தாள். ஜூனில் அரிசியில் கல் பார்ப்பதை விட்டாள். சட்டையில் தைக்கும் பொத்தானின் நிறத்தை என்னிடம் கேட்கத் தொடங்கினாள். ரீசெக்கை மட்டும் விடவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஒன்பது முடிந்திருந்தன. ஆறு பாஸ், இரண்டு ரீவொர்க். ஒன்றை மறுபடியும் தள்ளினாள். "இது லென்ஸ் இல்ல, நெஜமாவே குப்பை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. தேதியைக் குறித்திருக்கிறேன், ஆகஸ்ட் 14.

பத்தாவது கேமை ஆகஸ்ட் 21, புதன்கிழமை காலை 10.20க்குத் திறந்தாள். முதல் காட்சி ஒரு நூலகம். இடது கண்ணில் அநேகமாக ஒன்றும் இல்லை. வலது கண்ணின் நடுவிலும் அந்த மாதம் புகைபோல ஏதோ வந்திருந்தது. பெயர்களை நான் வாசித்தேன். பதினொன்றைக் கண்டுபிடித்தாள். 11.05க்கு மிஞ்சியது ஒரு சாவி.

தலையைச் சாய்த்தாள். திருப்பினாள். டேப்லெட்டைக் கையில் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சாவி எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, அது படத்துல இருக்குல்ல?"

"இருக்கு."

"எங்கேன்னு சொல்லிடாதீங்க."

"சொல்லல."

திரையின் ஓரத்தில் ஹின்ட் பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. நெடுநேரம் எதையும் தொடாமல் இருந்தால் அது தானாகவே மின்னத் தொடங்கும். அவளுடைய விரல் ஒருதடவை அதன் பக்கம் போயிற்று. தெரிந்து போயிற்றா, தெரியாமல் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. விரல் பாதி வழியில் திரும்பிவிட்டது.

11.48க்கு டேப்லெட்டின் உறையை மூடினாள்.

"இதுக்கு மேல நான் பாஸ் போட்டாலும் பொய், ரிஜெக்ட் போட்டாலும் பொய்" என்றாள்.

"நான் பாத்துச் சொல்றேன், நீ முடிவு சொல்லு" என்றேன்.

"பாக்காதவங்க கையெழுத்துப் போடக்கூடாதுண்ணே." மூடிய உறைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். பிறகு என் கைப்பேசியைக் கேட்டாள். பதிவுப் பொத்தானில் அவள் விரலை நான்தான் வைத்தேன்.

"தனம் பேசுறேன். பதினேழுல ஒன்பது பாத்துட்டேன், முடிவு சொல்லிட்டேன். மிச்சம் எட்டை என்னால பாக்க முடியல. நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ஹோல்ட். நீங்களே ஆளுக்கொண்ணு எடுத்துப் பாருங்க. யாரு எதுன்னு ஃபஸீலா பிரிச்சுக் குடுப்பா. பாத்துட்டு, நான் சொன்னேன்னு ஆமா போடாதீங்க. உங்க கண்ணுக்கு என்னா தெரியுதோ அதைச் சொல்லுங்க."

ஃபஸீலாவின் பதில் உடனே வரவில்லை. பிற்பகலில் வந்தது. மூன்று நொடிக் குரல். "சரி தனம்" என்பது மட்டும் இருந்தது. மிச்சம் மூச்சுச் சத்தம்.

இதை எழுதும்போது தனலெட்சுமிக்கு வெளிச்சமும் ஆள் அசைவும் தெரிகின்றன. சொட்டு மருந்து ஒருநாளும் தவறவில்லை. குழுவில் எட்டில் ஐந்துக்கு முடிவு வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு அவற்றை அவள் கேட்கிறாள். "காரணம் சொல்லாம ரிஜெக்ட் போடுறா பாருங்க" என்று திட்டுகிறாள். நானும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21க்கான வரியில் தேதி, கேமின் பெயர், காட்சி, நிமிடம் எல்லாம் இருக்கின்றன. கடைசிப் பொருள், சாவி. எங்கே இருந்தது என்ற கட்டம் காலியாக இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் நான் அதை நிரப்பவில்லை.